மடித்த தாள்

மோன்மார்த்ர் சரிவில்,
மழை விட்டும் சாக்கடை விடாத ஒரு தெருவில்
காப்பிக்கடையின் கடைசி மேசை, எண் பதினொன்று.
அதைத் துடைப்பவள் லெயோகாதி.
வருஷம் இருபத்தைந்து. பிப்ரவரி.

வாரத்தில் மூன்று இரவு வருவார்கள்,
நால்வர், சில நாள் ஐவர்.
மற்ற நேரமெல்லாம் கனவைப் பற்றிப் பேசுவார்கள்,
கணக்குத் தீர்க்கும் நேரத்தில் கனவே காண்பார்கள்.

ஆட்டம் எளியது.
ஒருவன் தலை வரைவான், தாளை மடிப்பான்.
மடிப்புக்கு வெளியே
கழுத்தின் இரண்டு கோடு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்.
அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தவன் உடம்பு.
அடுத்தவன் கால்.
எட்டிப் பார்க்கக் கூடாது.
பிரித்தால்
மீன்கூடைத் தலை, நெஞ்சில் கதவு திறந்த அடுப்பு,
ஒரு கால் நாற்காலியுடையது, மறுகால் கொக்குடையது.
குவளைகள் குலுங்கச் சிரிப்பார்கள்.

"புத்தி தூங்கட்டும், கை மட்டும் விழித்திருக்கட்டும்"
என்பான் கோந்த்ரான்,
வலது கைக்கு மட்டும் கையுறை போட்டவன்.
"புத்தியைக் கேட்டுத்தானே போனோம்?
வரைபடம் விரித்து, கடிகாரம் பார்த்து,
ரயில் ரயிலாக ஆளை ஏற்றிக்
கொண்டுபோய்ச் சேற்றில் கொட்டினோம்.
எல்லாம் தர்க்கப்படி.
ஒரு கூட்டல் பிழை கிடையாது."

அவள் சாம்பல் கிண்ணத்தை எடுத்துப் போவாள்.

பதினேழில் அவள் அமியானில் இருந்தாள்.
பள்ளிக்கூடத்தை மருத்துவமனை ஆக்கியிருந்தார்கள்.
கரும்பலகையில் கடைசிப் பாடம் அழியாமல் கிடந்தது:
பிரான்சின் நதிகள்.
லுவார் என்ற சொல்லுக்குக் கீழே தாடை இல்லாத ஒருவன்.
ரோன் என்ற சொல்லுக்குக் கீழே
தகரத்தில் மூக்கு, குதிரைமயிரில் மீசை,
அதற்கு மேல் சொந்தக் கண்கள் இரண்டு.
சேன் என்ற சொல்லுக்குக் கீழே ஆன்செல்ம்,
இடக்கால் தொடையோடு சரி.
ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிடுவான்:
"சுண்டுவிரல் அரிக்குது, அம்மணி."

உடம்புக்கும் உண்மைக்கும்
ஒரே சொல் வைத்திருக்கும் மொழியில் இதை எழுதுகிறேன்.
மெய்.
மெய்க்கு அப்பால் என்று இவர்கள் பாரிஸில் பெயர் தேடும் முன்பே
மெய்யை விட்டு மெய் கழன்றிருந்தது.
வாளியில் போட்டு
அவள் அதைப் படியிறங்கிக் கொண்டுபோயிருக்கிறாள்.

முதல் இரவு சொல்லிப் பார்த்தாள்,
கால் இல்லை, விரல் இல்லை, அரிப்பும் இல்லை என்று.
சரியான வாதம். அவன் அழுதான்.
இரண்டாம் இரவு ஒன்றும் சொல்லவில்லை.
கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து
தட்டையான போர்வையில்
விரல் இருக்க வேண்டிய இடத்தைக் கணக்காகத் தேடி
நகத்தால் சொறிந்தாள்.
"கொஞ்சம் வெளிப்பக்கம்" என்றான்.
அப்புறம் தூங்கினான்.

இன்றைக்கு ஓர் ஆள் குறைகிறது.
"அம்மணி, கால் மட்டும் போட்டுத் தாருங்கள்"
என்று தாளை நீட்டுகிறான் கோந்த்ரான்.
ஈரக்கையை இடுப்புத்துணியில் துடைக்கிறாள்.
மடிப்பிலிருந்து இறங்கும் இரண்டு கோடு.
பென்சிலை நாக்கில் தொட்டுக்கொள்கிறாள்.
நேரமாகிறது. ஆறாம் மேசையில் சூப் கேட்கிறார்கள், கேட்கட்டும்.

பிரித்தார்கள்.
மேலே விளக்குக் கூண்டுத் தலை.
நடுவே பறவை தப்பிய கூடு.
கீழே ஒன்றுமில்லை,
நேராக இழுத்துவிட்ட ஒரு போர்வை,
மடிப்புகூட விழாமல்.
அதன் ஓரத்தில் ஒரு பெண்ணின் கை
காற்றைச் சொறிகிறது.

யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டான்.
கோந்த்ரான் கையுறையைக் கழற்றினான்.
அந்தக் கையில் மூன்று விரல்தான் என்பதை
அன்றைக்குத்தான் பார்த்தாள்.
"இதற்கு என்ன அர்த்தம்?" என்றான்.

"அதைக் கேட்கக் கூடாது என்பதுதானே உங்கள் ஆட்டம்?"

குவளைகளை அடுக்கினாள்.
தாள் நனைந்துவிடாமல் சற்றுத் தள்ளி வைத்தாள்.
மூன்று பிராங்க் எழுபது.
போன வாரத்தது தனி.